அடியில் தங்கிய சத்து

தசூக்கிக்குப் பயூமியை ரொம்பப் பிடிக்கும். மீசை அரும்பிய காலத்திலிருந்து பிடிக்கும். பிடிக்காமல் போனது அவனுடைய தோள்களை மட்டும்தான். அதுவும் இந்தக் குளிர்காலத்திலிருந்துதான்.

இருவருக்கும் மஹல்லா ஊர்ப் பஞ்சாலையில் ஒரே ஷிப்டு. தசூக்கி சாயப் பட்டறையில், பயூமி பேல் ஏற்றும் முற்றத்தில். சங்கு ஊதியதும் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறி, பயிற்சியாளர் கேப்டன் ரிஃபாத்தின் ஜிம்முக்குப் போவார்கள். பள்ளிவாசலை ஒட்டிய கட்டடத்தில் தரைக்குக் கீழே இருந்தது அந்த ஜிம். படி இறங்கி வருகிறவன் கண்ணில் முதலில் படுவது எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கும் படம். கர்பிய்யா மாகாண ஆணழகன், எண்பத்தைந்து கிலோ பிரிவு, தசூக்கி. சில வருஷமாக அந்தப் படம் மாறவில்லை. தசூக்கி படி இறங்கியதும் தினமும் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுவான். கட்டுகிற சாக்கில் படத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வான். இது ஜிம்மில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லிக்காட்டுவதில்லை.

பயூமியும் அதே எடைப் பிரிவுதான். ஆனால் அவன் எப்போதும் நாலாவதோ ஐந்தாவதோ வருவான், வந்துவிட்டு தசூக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடுவான். தோற்றுவிட்டுச் சிரிக்கிற நண்பனைப் போல சௌகரியமானவன் உலகத்தில் கிடையாது. தசூக்கி அவனை உயிராக நேசித்தான்.

குளிர்காலத் தொடக்கத்தில் பயூமியின் மாமா மகன் குவைத்திலிருந்து ஒரு டப்பா அனுப்பினான். வாளி அளவுக்குப் பெரிய கறுப்பு டப்பா, மேலே தங்க எழுத்து, உள்ளே வெளிர்மஞ்சள் பொடி. அமினோ அமிலமாம். இரும்பு தூக்குகிறபோது தசையில் விழுகிற கிழிசலை உள்ளேயே தைத்துக்கொடுக்குமாம், மறுநாள் வலி இருக்காதாம், தசை ஏறுமாம். பயூமி தண்ணீர்க் குப்பியில் ரெண்டு கரண்டி போட்டுக் குலுக்கினான். குடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினான்.

"யப்பா, என்ன கசப்பு! எலுமிச்சை வாசனைன்னு போட்டிருக்கான், எலுமிச்சை மரத்துப் பட்டையை அரைச்சிட்டான் போல. இந்தா அபூ ஃபரீத், நீயும் ரெண்டு கரண்டி போட்டுக்கோ. அசல் சரக்கு."

மூத்த மகன் ஃபரீத் பிறந்ததிலிருந்து ஊர் வழக்கப்படி தசூக்கி 'அபூ ஃபரீத்', ஃபரீதின் அப்பா. ஜிம்மில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் வேறு அவன் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. தசூக்கிக்கு வாய் நீண்டுவிட்டது.

"எனக்கெதுக்குடா பொடி? இது ஃபூல் மொச்சையும் முட்டையும் தின்னு வளந்த உடம்பு. டப்பாவுல வர்ற உடம்பெல்லாம் மழை பேஞ்சா கரைஞ்சிடும்டா!"

ஜிம்மே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் பயூமிதான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ரெண்டு கரண்டி வாங்கிப் போட்டிருந்தால் தசூக்கிக்குப் பின்னால் வந்த தலைவலி எதுவும் வந்திருக்காது. ஆனால் எல்லோர் எதிரிலும் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப விழுங்குவது?

மழையும் பெய்தது. பயூமி கரையவில்லை.

முதலில் மாறியது அவன் நடை. கால் பயிற்சி செய்த மறுநாள் தசூக்கி ஜிம் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவான். எப்போதும் பயூமியும் அப்படித்தான் இறங்குவான். இருவரும் முனகிக்கொண்டே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு இறங்குவதில் ஒரு சுகம் இருந்தது. இப்போது பயூமி ரெண்டு ரெண்டு படியாகத் தாவிக் கீழே போய் நின்றுகொண்டு, "மெதுவா வா தாத்தா" என்று கூப்பிட்டான். பிறகு தோள் ஏறியது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருந்த பள்ளம் நிரம்பியது. ஜிம் பையன்கள் தசூக்கியைத் தாண்டிப் போய் அவனிடம், "யா வஹ்ஷ்! மனுஷனா மிருகமா நீ!" என்று கத்தினார்கள். ஆணழகர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இத்தனை வருஷமாக அந்தக் கத்தல் தசூக்கிக்கு மட்டும் சொந்தமாக இருந்தது.

அதே மாதத்தில்தான் பயூமி ஹூக்கா கடையில் உட்காருவதை விட்டிருந்தான், இரவு இஷா தொழுகை முடிந்ததும் போய்ப் படுத்துவிடுகிறான் என்பதெல்லாம் தசூக்கிக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சீக்கிரம் படுத்துத் தூங்குகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா? டப்பாவைப் பார்த்துப் படலாம். டப்பா கறுப்பாக, பளபளவென்று, இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்டிருந்த இரும்பு அலமாரியில் உட்கார்ந்திருந்தது. சாவி ஆளுக்கு ஒன்று. தசூக்கி தன் துண்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது அவனைப் பார்த்தது.

பயூமி தன் பையில் நீலமணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான்.

"கண்ணு படுது அபூ ஃபரீத். பேல் ஏத்தற இடத்துல ஒருத்தன் 'என்னடா இப்படி ஊதிட்டே'ன்னான். மாஷா அல்லாஹ் சொல்லல பாரு, அன்னைக்கே முழங்கை பிடிச்சுக்கிச்சு. இனிமே எவன் முன்னாடியும் சட்டை கழட்ட மாட்டேன்."

"என் முன்னாடி கழட்டறியே?"

"உன் கண்ணு எனக்குப் படாதுடா. நீ யாரு, நான் யாரு?" என்று சொல்லி, கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றி முதுகை விரித்துக் காட்டினான். "எப்படி இருக்கு? பொய் சொல்லாதே."

தசூக்கி பார்த்தான். முதுகு கதவு மாதிரி இருந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியில் தன் முதுகைப் பார்க்க முயன்றான். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். மனைவி இன்ஷிராஹ் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். அவளுக்குப் பிரசவமாகி நாற்பது நாள்கூட முடியவில்லை.

"என்ன தேடறீங்க பின்னாடி? வாலா?"

"பயூமி எனக்கு முன்னாடி போயிடுவான் போலிருக்கு."

"போகட்டுமே. அவனும் மனுஷன்தானே? எத்தனை வருஷம் உங்களைத் தோள்ல தூக்கிட்டு ஓடினான்! ஒரு தடவை நீங்க தூக்குங்க."

தூக்குவதாவது! அந்தப் படத்தைக் கழற்றி, அது இருந்த இடத்தில் சுண்ணாம்பு உரிந்த வெள்ளைச் சதுரத்தின் மேல் பயூமியின் பல்லிளிப்பை மாட்டுவார்கள் என்று நினைத்தபோதே தசூக்கிக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்று இரவு அவன் சரியாகத் தூங்கவில்லை. அவன் தூங்காததும் பயூமியின் தோளுக்குத்தான் லாபம் என்பது வேறு விஷயம்.

தன்தா நகரில் மாகாணப் போட்டி நடக்க இரண்டு வாரம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஜிம்மில் இருந்தவர்கள் எல்லாம் மேலே பள்ளிவாசலுக்கு ஏறிப்போனார்கள். தசூக்கி முழங்கால் வலி என்று சொல்லிக் கீழேயே தங்கிவிட்டான். அவன் பையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை இருந்தது. அது நிறைய மஞ்சள் பொடி.

அது இன்ஷிராஹ்வின் அம்மா செய்துகொண்டுவந்தது. அரிசி மாவைப் பொன்னிறமாக வறுத்து, வெந்தயத்தை வறுத்து அரைத்துச் சேர்த்து, மஸ்தகிப் பிசினை ஒரு சிட்டிகை நுணுக்கிப் போட்டிருப்பாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காக எல்லோரும் வெந்தயம்தான் கொடுப்பார்கள். அதில் அரிசி மாவும் மஸ்தகியும் சேர்ப்பது அந்த அம்மாளின் கைப்பழக்கம். நிறம் பொருந்தியது. கசப்பும் பொருந்தியது. புளிப்புக்குத் தசூக்கி எலுமிச்சை உப்பு கலந்திருந்தான். சாயப் பட்டறைக்காரனுக்கு மாதிரி பார்த்துக் கலவை சேர்க்கச் சொல்லித் தரவேண்டுமா என்ன?

அமினோவை முழுக்க வேறொரு உறையில் கவிழ்த்துக்கொண்டான். டப்பாவில் அதே மட்டத்துக்கு மாவை நிரப்பி, கரண்டியை மேலே பழையபடி செருகி, மூடியைத் திருகினான். மேலே வரிசை வரிசையாகக் குனிந்து எழும் காலடிச் சத்தம் கேட்டது. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை மறைப்பதற்கில்லை. மாதக்கணக்கில் முதல் தடவையாக அன்று அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

திருடிய அமினோவை வீட்டு அலமாரி மேல் பழைய ஷூப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துக் காலையும் மாலையும் குடித்தான். பயூமி சொன்ன கசப்பு பொய்யில்லை. கசப்பு தொண்டையில் இறங்க இறங்க, இது வேலை செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்தப் பக்கம் பயூமி சுருங்குவான் என்று காத்திருந்தான். தினமும் ஜிம்முக்கு அவசர அவசரமாகப் போய் அவன் தோளைப் பார்ப்பான். ஊருக்கு வந்த மருத்துவரைக்கூட யாரும் அப்படி எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பயூமி குப்பியைக் குலுக்கினான், குடித்தான், சப்புக்கொட்டினான்.

"அபூ ஃபரீத், ஒண்ணு கவனிச்சியா? டப்பா அடிக்குப் போகப் போக மருந்து கெட்டியா வருது."

"அப்படியா?"

"ஆமாடா. முன்னாடி தண்ணியா இருந்துச்சு. இப்ப குப்பியில கீழே மண்டி மாதிரி நிக்குது. சத்தெல்லாம் அடியில தங்கியிருக்கு போல. நல்லவேளை, போட்டி நேரத்துக்குச் சத்துப் பகுதி வந்திருக்கு!"

தசூக்கிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எல்லாம் உன் நேரம்" என்றான்.

பயூமிக்கு ஒரு பயம் உண்டு. போன வருஷம் கடைசி வாரத்தில் வயிறு முட்டச் சோறு தின்று, உடம்பில் நீர் கோத்து, தசைக்குத் தசை தெரிகிற வெட்டெல்லாம் மறைந்து, மேடையில் ஊறப்போட்ட ரொட்டி மாதிரி நின்றான். அதிலிருந்து சோறு என்றாலே அலறுவான். கேப்டன் ரிஃபாத் தலையில் அடித்துக்கொண்டார்.

"டேய் கழுதை, மாசக்கணக்கா பட்டினி கிடந்த உடம்புடா! கடைசி நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமா மாவுச்சத்து போகணும், அப்பத்தான் தசை நிரம்பும். இல்லாட்டி காத்துப்போன டயர் மாதிரி மேடையில நிப்பே. அளவாத் தின்னுடா, அளவா!"

"வேண்டாம் கேப்டன். ஒரு பருக்கை தொட மாட்டேன். எனக்கு அமினோ போதும்."

"அமினோ வேற, சோறு வேறடா!"

"பயமா இருந்தா ரெண்டு கரண்டி கூடப் போட்டுக்கறேன் கேப்டன்."

போட்டுக்கொண்டான். ரெண்டு கரண்டி நாலாயிற்று. பயம் வந்தபோதெல்லாம் குலுக்கினான், பயமோ நாள் முழுக்க வந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த தசூக்கி வேறொரு முடிவுக்கு வந்தான். ஓஹோ, இவன் சோற்றை விட்டுவிட்டு அமினோவில்தான் நிரப்புகிறான், ரகசியம் அதுதான்! ஒவ்வொரு வருஷமும் கடைசி வாரத்தில் கேப்டன் சொன்ன அளவில் சோறு தின்று ஜெயித்தவன், இந்த வருஷம் இன்ஷிராஹ் வைத்த சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு ஷூப் பெட்டியைத் திறந்தான்.

"அமினோ மட்டும்தான் இப்ப எல்லாரும்" என்று சொன்னான்.

"எது மட்டும்?" என்றாள் அவள். "அது இருக்கட்டும். எங்கம்மா கொண்டுவந்த மாவு டின்னுல அடியில ஒட்டினது மட்டும்தான் இருக்கு. யாரு தின்னா?"

"குழந்தை பாக்க வந்தவங்களுக்கெல்லாம் கரைச்சுக் குடுத்தியே."

"நான் குடுத்தது எனக்குத் தெரியாதா? வந்தவங்களுக்கு நான் குடுத்தது ஷர்பத்." அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் குழந்தையைக் கொஞ்சப் போய்விட்டான்.

போட்டியன்று தன்தா விளையாட்டரங்கின் பின்னறையில் எல்லோரும் தசை எடுப்பாகத் தெரியக் கரும்பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு, கிடைத்த மூலையில் ரப்பர் கயிற்றை இழுத்துத் தசையை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். தன் முதுகுக்குத் தானே மேடைச் சாயம் பூச எவனாலும் முடியாது. அதனால் வருஷா வருஷம் தசூக்கி முதுகுக்குப் பயூமியும், பயூமி முதுகுக்குத் தசூக்கியும் பூசுவது வழக்கம். ஸ்பாஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு பயூமியின் பின்னால் நின்றபோதுதான் தசூக்கி அதை முழுசாகப் பார்த்தான்.

சுருங்கவில்லை. ஒரு விரல்கூடச் சுருங்கவில்லை. போன வாரம் தட்டையாக இருந்த இடமெல்லாம் உருண்டு திரண்டு, மேலே தோல் காகிதமாக ஒட்டியிருந்தது. தசூக்கி பூசப் பூசச் சாயம் பற்றுகிற இடம் வளர்ந்துகொண்டே போனது போல இருந்தது. வயிற்றெரிச்சலில் கண் கலங்கியது. அங்கங்கே திட்டுத் திட்டாகப் பூசிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சாயப் பட்டறையில் பழகிய கை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு ஒரே சீராகப் பூசிக்கொண்டு போயிற்று.

பயூமிக்கு வியர்த்தது. வியர்வையோடு ஒரு மணம் எழுந்தது. தசூக்கிக்கு அந்த மணம் நன்றாகத் தெரியும். அவன் வீட்டில், மெத்தையில், குழந்தையின் துணியில், இன்ஷிராஹ்வின் கழுத்தில் இருக்கும் மணம் அது. வெந்தயம்.

"என்னமோ ரெண்டு வாரமா எனக்கு இப்படி ஒரு வாசனை வருது" என்றான் பயூமி, அக்குளை முகர்ந்தபடி. "பிள்ளை பெத்தவ மாதிரி இருக்கேன்னு எங்கக்கா சிரிக்கறா. அமினோ உடம்புல ஊறினா இப்படித்தான் ஆகுமாம்."

"யார் சொன்னா?"

"நானேதான்!"

அப்போது கேப்டன் ரிஃபாத் வந்தார். பயூமியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நெருங்கி வந்து தோளைக் கட்டைவிரலால் அழுத்தினார், தொடையை அழுத்தினார், பின்பு அவன் கன்னத்தில் செல்லமாக ஓர் அறை விட்டார்.

"களவாணிப்பயலே! சொன்னபடி கேட்டிருக்கியே! வெளியில வீராப்புப் பேசிட்டு வீட்டுல அளவாச் சோறு தின்னுருக்கே. இந்த நிரப்பம் மாவுச்சத்து இல்லாம வராதுடா. நாலு நாள், கொஞ்சம் கொஞ்சமா. எனக்குத் தெரியாதா?"

"அல்லாஹ் மேல ஆணை கேப்டன், ஒரு பருக்கை தொடல. ரொட்டிகூடக் கிடையாது. அமினோ மட்டும்தான்!"

"போடா, என்கிட்டயேவா? உள்ள அரிசி போயிருக்கு. என் வயசுல பாதி இந்தத் தசையைப் பாத்தே போச்சு." அவர் திரும்பி தசூக்கியின் தோளையும் அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது. "உனக்கு என்னடா ஆச்சு? நீதான் எப்பவும் சொன்னபடி தின்னுவியே?"

தசூக்கியின் கையில் ஸ்பாஞ்சிலிருந்து சாயம் சொட்டிக்கொண்டிருந்தது. அரிசி போயிருக்கிறது, ஆமாம். எவ்வளவு போனது, எந்த வீட்டு அரிசி, யார் வறுத்தது, எல்லாம் அவனுக்குத் தெரியும். பயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குலுக்கிக் குடித்தானே, கேப்டன் கெஞ்சிக் கெஞ்சிச் சொன்ன அளவும் முறையும் அதுதான்! பயூமியைக் கெடுக்கப்போய், யார் சொல்லியும் கேட்காதவன் வாயில் தன் கையாலேயே சோற்றை ஊட்டியிருக்கிறான். கெடுத்துக்கொண்டது தன்னை மட்டும்தான்.

மேடையில் அவர்கள் இருவரையும் நடுவில் நிறுத்தித் திரும்பச் சொன்னார்கள், மறுபடி திரும்பச் சொன்னார்கள். முதுகைக் காட்டி நின்றபோது கூட்டத்திலிருந்து "யா வஹ்ஷ்!" என்று ஒரு கூச்சல் எழுந்தது. அது யாருக்கு என்று தசூக்கி திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. இரண்டாம் பரிசுக்குத் தன் பெயரைக் கூப்பிட்டபோது சிரித்தான். பல்லெல்லாம் தெரிந்தது, முகத்தில் ரத்தமே இல்லை. பயூமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவனைத் தூக்கப் பார்த்தான். ஜெயித்தவன் தோற்றவனைத் தூக்குகிற கோலத்தை தன்தா அதுவரை கண்டதில்லை. கூட்டம் விழுந்து விழுந்து கைதட்டியது. தசூக்கிக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பயூமி ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்போடு தசூக்கி வீட்டுக்கு வந்தான். அக்குளில் கறுப்பு டப்பா.

"உம் ஃபரீத், வாழ்த்துச் சொல்லுங்க!" என்று ஃபரீதின் அம்மாவைப் பார்த்து வாசலிலேயே கத்தினான்.

"ஆயிரம் வாழ்த்து" என்றாள் இன்ஷிராஹ். "உக்காரு தம்பி. குழந்தை தூங்குது, மெதுவா."

பயூமி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அபூ ஃபரீத், கேப்டன் என் படத்தை மாட்டப் போறாராம். உன் படத்தைக் கழட்டக்கூடாதுன்னு சொல்லிட்டேன். பக்கத்துல பக்கத்துல மாட்டணும்னு சண்டை போட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

"எதுக்குடா அதெல்லாம்" என்றான் தசூக்கி. ஒரே சுவரில் பயூமியின் பக்கத்தில் தினமும் நிற்கவேண்டும் என்பதைவிட, கழற்றிக் குப்பையில் போட்டிருந்தால் தேவலை என்று அவனுக்குப் பட்டது.

"இன்னொண்ணு. நீ பொடியெல்லாம் தொடமாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா மேடையில உன்னைப் பாத்தப்ப எனக்கு மனசு கேக்கலடா. வத்திப்போய் நின்னே. எனக்கு வேற எவன் கண்ணைப் பத்தியும் நம்பிக்கை இல்ல, இந்த ரகசியத்தை வேற எவனுக்கும் தரமாட்டேன்." டப்பாவை அவன் மடியில் வைத்தான். "இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அடிப்பகுதி, சத்துப் பகுதி. உனக்குத்தான். மறுக்கக்கூடாது."

தசூக்கி டப்பாவைத் திருப்பித் தள்ளப் பார்த்தான். "வேண்டாம் பயூமி..."

"குடுங்க இங்கே" என்று இன்ஷிராஹ் டப்பாவை எடுத்தாள். "அவருக்கு எல்லாத்துக்கும் வெக்கம். நான் கலக்கித் தர்றேன்." மூடியைத் திருகினாள்.

திருகியவள் அப்படியே நின்றாள். குனிந்து ஒருமுறை முகர்ந்தாள். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். தசூக்கி அவள் முகத்தைப் பார்க்காமல் தரைவிரிப்பின் பூக்களைப் பார்த்தான்.

"இது எந்த ஊர்ச் சரக்கு தம்பி?"

"வெளிநாடு உம் ஃபரீத். ஜெர்மனின்னு போட்டிருக்கும்."

"ஜெர்மனியில மஸ்தகி எல்லாம் போடறாங்களா? நல்லது." அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "எங்கம்மாகிட்ட சொல்லணும். சந்தோஷப்படுவா."

சமையலறைக்குப் போனாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பயூமி போட்டிக் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான், தசூக்கி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் வந்தபோது தட்டில் பயூமிக்கு ஒரு கிளாஸ் தேநீரும், கணவனுக்கு ஒரு பெரிய கிளாஸும் இருந்தன. கொதிநீரில் மாவு வெந்து, கரண்டி நிற்கிற அளவுக்குக் கஞ்சியாகியிருந்தது.

பயூமி வாயைப் பிளந்தான். "அடடா, சுடுதண்ணியில கலக்கணுமா இதை! எனக்குத் தெரியாம இத்தனை நாளும் பச்சைத் தண்ணியில குடிச்சேனே. பாரு, எப்படித் திரண்டு வந்திருக்கு சத்து!"

"ஆமா தம்பி. சிலதெல்லாம் சூடு பட்டாத்தான் வெளியில வரும். குடிங்க அபூ ஃபரீத்."

குடித்தான். பயூமி முன்னால் குந்தி உட்கார்ந்து, மருந்து குடிக்கிற குழந்தையைப் பார்ப்பது போல ஒவ்வொரு வாயையும் பார்த்தான். இன்ஷிராஹ் பின்னால் நின்றாள். வறுத்த அரிசி, வெந்தயம், மஸ்தகி, எல்லாவற்றுக்கும் மேலே அவன் கையால் போட்ட எலுமிச்சை உப்பு. தொண்டையை அடைத்தது. நிறுத்தினால் பயூமி, "முழுசாடா, முழுசா" என்றான்.

"எப்படி இருக்கு? பொய் சொல்லாதே."

"நல்லா இருக்கு" என்றான் தசூக்கி.

"சொன்னேன்ல! அடுத்த வருஷம் நீதான், இன்ஷா அல்லாஹ்." பயூமி அவன் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு எழுந்தான். வாசலைத் தாண்டி, ரெண்டு ரெண்டு படியாகத் தாவி இறங்கினான். வெள்ளைச் சட்டைக்குள் தோள்கள் இரண்டும் ஏறி இறங்குவதைத் தசூக்கி மேலே நின்று பார்த்தான். இத்தனைக்கும் பிறகு அவன் கண் அங்கேதான் போயிற்று. வயிறு நிறைய வெந்தயம் இருந்தும் எரிச்சல் அடங்கவில்லை.

இன்ஷிராஹ் கதவைச் சாத்தினாள். காலிக் கிளாஸை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே பார்த்தாள்.

"அடியில கொஞ்சம் ஒட்டியிருக்கே" என்று திருப்பி நீட்டினாள். "வழிச்சுச் சாப்பிடுங்க. பால் நல்லா ஊறும்."